பழைய ஃபைபர்கிளாஸ் அம்பு வில்லோடு ஒத்துப்போகவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

1960களிலும் 70களிலும் செய்த ஃபைபர்கிளாஸ் அம்புகள் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ஒரு டஜன் கிடைக்கும், வில்லும் கையில் இருக்கும், எய்தால் மட்டும் அம்பு கோணிக்கொண்டு போகும். "விறைப்பு பொருந்தவில்லை, வெட்டிவிடலாமா?" என்பதுதான் திரும்பத் திரும்ப வரும் கேள்வி. (விறைப்பு என்றால் அம்பு வளைய மறுக்கும் அளவு.) வெட்டாதீர்கள், இப்போதைக்கு. வெட்டிய குழலை (அம்பின் தண்டை) மறுபடி நீட்ட முடியாது. விறைப்பின் மேல் பழிபோட்ட அம்புகளில் பாதிக்கு மேல் நாக் (அம்பின் பின்முனையில் நாணைக் கவ்வும் சிறு துண்டு), நாணில் நாக் பூட்டும் இடம், எய்பவரின் இழுப்பு இவற்றில் ஏதாவது ஒன்றைத் திருத்தியதுமே ஒழுங்காகப் போயிருக்கின்றன.

கீழே உள்ளதெல்லாம் வலது கையால் நாண் இழுப்பவருக்கு. இடக்கைக்காரர்கள் இடம், வலத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

## எய்வதற்கு முன்: அம்பு உயிரோடு இருக்கிறதா?

இதைத் தாண்டிப் போகவே கூடாது. விரிசல் விட்ட ஃபைபர்கிளாஸ் அம்பு நாணிலிருந்து கிளம்பும்போது உடைந்தால் சிதறல் வில் பிடித்த கைக்குள் ஏறும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் கிடந்த பழைய குழல்களில் மேல்பூச்சு தேய்ந்து கண்ணாடி நார் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெறும் கையால் உருவினால் இரண்டு நாளைக்கு அரிக்கும். ஒரு பஞ்சை எடுத்து முனையிலிருந்து நாக் வரை உருவுங்கள். பஞ்சு மாட்டும் இடத்தை உற்றுப் பாருங்கள். குறுக்கே வெள்ளைக் கோடு, வெளிறிய திட்டு, நீளவாக்கில் மயிரிழை போன்ற பிளவு இருந்தால் அந்த அம்பு ஒதுக்கப்பட வேண்டியது.

அடுத்து இரு முனையையும் பிடித்து, முகத்துக்கு எதிர்ப்புறமாக லேசாக வளைத்து, கால் சுற்று திருப்பி மறுபடி வளைத்து, முழுச் சுற்றும் பாருங்கள். நொறுநொறுவென்ற சத்தம் கேட்டால் ஒதுக்குங்கள். முனை செருகியிருக்கும் இடத்தையும் நாக் இருக்கும் இடத்தையும் விரலால் அழுத்தித் திருகிப் பாருங்கள். குழல் பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான் பிளக்கும். பழைய பிளாஸ்டிக் நாக்குகள் காய்ந்து நொறுங்கும் நிலையில் இருக்கும். பார்க்க நன்றாக இருந்தாலும் அத்தனையையும் புதிதாக மாற்றிவிடுங்கள். செலவு மிகக் குறைவு. நாக் உடைந்தால் அது அம்பில்லாமல் நாணை விட்டதற்குச் சமம், வில்லே போகலாம்.

## அறிகுறி: குழலில் உள்ள எண் அழிந்துவிட்டது, அல்லது எண் இருந்தும் புரியவில்லை

எண் இருந்தாலும் நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனக்கென ஓர் எண் வரிசை வைத்திருந்தார். உதாரணமாக, மைக்ரோஃப்ளைட் என்ற பெயரில் வந்த ஃபைபர்கிளாஸ் குழலில் இருக்கும் எண் பவுண்டு கணக்கு அல்ல. அலுமினியக் குழலுக்கான அட்டவணையும் இங்கே உதவாது. அளந்துவிடுவதுதான் குறுக்குவழி.

வேண்டியவை: ஒரு பலகை, இரண்டு ஆணி, 2 பவுண்டு (907 கிராம்) எடை, மில்லிமீட்டர் அளவுகோல்.

ஆணிகளுக்கு நடுவே சரியாக 26 அங்குலம் (660 மி.மீ.) இடைவெளி விடுங்கள். அம்பை அவற்றின் மேல் கிடத்தி, நட்டநடுவில் எடையைத் தொங்கவிட்டு, நடுப்பகுதி எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். 660ஐ அந்த எண்ணால் வகுத்தால் பவுண்டில் விறைப்பு கிடைக்கும். 13.2 மி.மீ. இறங்கினால் 50 பவுண்டு, 16.5 மி.மீ. என்றால் 40 பவுண்டு. எண் கூடினால் விறைப்பு கூடுகிறது என்று பொருள்.

அம்பைக் கால் சுற்று திருப்பி மறுபடி அளந்து சராசரி எடுங்கள். இரண்டு அளவுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் விறைப்பான பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள், பின்னால் தேவைப்படும்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். இன்றைய கார்பன் அம்புகளில் 500, 600 என்று போட்டிருக்கும் எண் வேறு முறை: 28 அங்குல இடைவெளியில் 880 கிராம் தொங்கவிட்டு, எத்தனை அங்குலம் இறங்கியது என்பதை ஆயிரத்தால் பெருக்கிய எண். அதில் எண் கூடினால் விறைப்பு குறைவு. 500 என்று எழுதிய அம்பு பழைய கணக்கில் 50 பவுண்டு இல்லை, ஏறக்குறைய 63. 600 என்றால் 52, 53 வாக்கில்.

சரி, வில்லுக்கு எவ்வளவு வேண்டும்? வில்லில் எழுதியிருக்கும் எடை (நாணை இழுக்கத் தேவைப்படும் பலம்) பெரும்பாலும் 28 அங்குல இழுப்புக்கானது. நீங்கள் இழுக்கும் தூரம் ஓர் அங்குலம் குறைந்தால் 2 முதல் 3 பவுண்டு குறையும். எனவே உங்கள் இழுப்பில் தராசு போட்டு அளந்த எடைதான் தொடக்கப் புள்ளி. 28 அங்குல அம்பு, 125 கிரெயின் (8.1 கிராம்) முனை, டேக்ரான் நாண் (சற்று நீளும் பாலியெஸ்டர் நாண்), அம்பு கடக்கும் பக்க வெட்டு வில்லின் நடுக்கோடு வரை போகாத கைப்பிடி என்றால் வில்லின் எடையும் அம்பின் விறைப்பும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கலாம். அதிலிருந்து கூட்டிக் கழிக்க வேண்டியவை:

- அம்பு 28ஐத் தாண்டும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 5 பவுண்டு கூட்டுங்கள். குறைந்தால் அதே கணக்கில் கழியுங்கள்.
- முனை 125 கிரெயினைத் தாண்டும் ஒவ்வொரு 25 கிரெயினுக்கும் 3 முதல் 5 பவுண்டு கூட்டுங்கள்.
- கைப்பிடியின் வெட்டு நடுக்கோடு வரை போயிருந்தால் 5 முதல் 10 பவுண்டு கூட்டுங்கள்.
- நீளாத நவீன நாண் என்றால் 5 பவுண்டு கூட்டுங்கள். (பழைய வில்லின் நுனி அதற்கென்று வலுப்படுத்தப்படாவிட்டால் அந்த நாணைப் போடவே வேண்டாம்.)

உதாரணமாக, உங்கள் இழுப்பில் 42 பவுண்டு, 29 அங்குல அம்பு, 125 கிரெயின் முனை, நடுக்கோடு வரை வெட்டிய கைப்பிடி, டேக்ரான் நாண் என்றால் 52 முதல் 57 வரை வரும். இது மர அம்புக்காரர்களின் கணக்கு. கனமான கண்ணாடிக் குழலுக்கு இதை ஆரம்பமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முடிவைச் சொல்ல வேண்டியது இறகில்லாத அம்பு.

## இறகில்லாத அம்பை எய்து பார்ப்பது

கீழே வரும் எல்லா அறிகுறிக்கும் இதுதான் நீதிபதி. டஜனில் இறகு கெட்டுப்போன ஓர் அம்பின் இறகை முழுதாக எடுத்துவிடுங்கள். முனையும் நீளமும் மற்றவற்றைப் போலவே இருக்க வேண்டும். முதலில் 8, 10 மீட்டரில் ஆரம்பியுங்கள். பொருத்தம் மிக மோசமாக இருந்தால் இறகில்லாத அம்பு சாய்ந்து குத்தி உடையும், அதனால் நேரே 18 மீட்டருக்குப் போகாதீர்கள். மென்மையான இலக்கு, பின்னால் ஆளில்லாத இடம்.

இறகுள்ளது மூன்று, இறகில்லாதது ஒன்று, இப்படி மாற்றி மாற்றி எய்யுங்கள். அம்பு எந்தக் கோணத்தில் குத்தி நிற்கிறது என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இலக்கின் பொருளே அதைத் திருப்பிவிடும். எங்கே குத்தியது என்பதை மட்டும் பாருங்கள். கை சோர்ந்த பிறகு எய்தவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

## அறிகுறி: அம்பு மேலும் கீழும் துள்ளிக்கொண்டு போகிறது

இதை முதலில் சரிசெய்யுங்கள். இது இருக்கும்வரை இடம், வலம் பற்றிய எந்தச் சோதனையும் பொய் சொல்லும்.

நாக் பூட்டும் இடம். இறகில்லாத அம்பு மற்றவற்றுக்குக் கீழே குத்தினால் அந்த இடம் அதிக உயரத்தில் இருக்கிறது. மேலே குத்தினால் தாழ்ந்திருக்கிறது. ஆனால் மிகத் தாழ்ந்திருந்தால் அம்பின் பின்பகுதி கைப்பிடியில் அம்பு கிடக்கும் திட்டில் மோதி மேலே எகிறி, உயரமாக இருப்பது போலவே காட்டும். அதனால் எப்போதும் உயரத்திலிருந்து கீழே வாருங்கள். அம்பு நாணுக்குச் செங்கோணமாக நிற்கும் இடத்துக்கு 5/8 அங்குலம் மேலே ஆரம்பித்து, துளித்துளியாக இறக்குங்கள். திட்டின் மேலேயே வைத்து எய்யும் வில்லுக்குப் பெரும்பாலும் அரை அங்குலத்தை ஒட்டி வந்து நிற்கும்.

நாக் இறுக்கம். அம்பை நாணில் மாட்டித் தொங்கவிட்டு நாணை விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். லேசான தட்டுக்குக் கழன்றால் சரி. கழலவே இல்லையென்றால் இறுக்கம் அதிகம். தானாக விழுந்தால் தளர்வு.

நாண் உயரம் (இழுக்காத நிலையில் கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள தூரம்). வில்லுக்குச் சொல்லப்பட்ட எல்லைக்குள் நாணை முறுக்கியும் தளர்த்தியும் பார்த்து, சத்தம் மிகக் குறைவாக இருக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதன்பின் அதைத் தொடாதீர்கள். விறைப்பைச் சரிசெய்ய இதைப் பயன்படுத்தச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, கிடைக்கும் மாற்றம் மிகச் சிறியது.

## அறிகுறி: இறகில்லாத அம்பு இடப்பக்கம் போகிறது

பெரும்பாலும் விறைப்பு அதிகம். ஆனால் இது ஏமாற்றவும் செய்யும். கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

1. முழுதாக இழுக்கிறீர்களா? இரண்டு அங்குலம் குறைவாக இழுத்தால் நான்கைந்து பவுண்டு போய்விடும், அம்பு விறைப்பாக நடந்துகொள்ளும். கூட ஒருவரை நிற்க வைத்து, நீங்கள் நாணை விடும் நொடியில் அம்பு எந்த இடம் வரை வந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அளவெடுக்கும்போது இழுப்பதும் எய்யும்போது இழுப்பதும் பலருக்கு வேறாக இருக்கும்.

2. பொய்யான விறைப்பா? மிகவும் இளக்கமான அம்பு கைப்பிடியில் பின்பகுதியால் மோதி, எகிறி இடப்பக்கம் போகும். பார்ப்பதற்கு விறைப்பான அம்பு போலவே இருக்கும். கைப்பிடியின் பக்கவாட்டில் கொஞ்சம் சுண்ணப்பொடி தடவி எய்யுங்கள். குழலின் பின்பாதியில் பொடித் தடம் இருந்தாலோ, எய்யும்போது டக்கென்று சத்தம் கேட்டாலோ இது இளக்கம்தான், அடுத்த தலைப்புக்குப் போங்கள். இன்னும் சந்தேகமா? கனமான முனை ஒன்றைப் போட்டுப் பாருங்கள். உண்மையான விறைப்பு என்றால் நிலைமை கொஞ்சம் தேறும். பொய் என்றால் இன்னும் மோசமாகும்.

3. பக்கவாட்டுத் தோல். கைப்பிடியில் அம்பு உரசும் இடத்தில் ஒட்டியிருக்கும் தோல் தடிமனாக இருந்தால் மெல்லியதாக மாற்றுங்கள். அம்பு நடுக்கோட்டை நெருங்கும், விறைப்பைத் தாங்கும்.

4. முனையின் எடை. 125லிருந்து 145, அப்புறம் 175, தேவையானால் 200 கிரெயின். திருகும் வகை முனை என்றால் சில நிமிட வேலை. பழைய குழல்களில் கூம்பின் மேல் ஒட்டிய முனைகளும் இருக்கும். அவற்றைக் கழற்றும்போது சூட்டை முனையில் மட்டும் காட்டுங்கள். குழலில் பட்டால் பிசின் கெட்டுவிடும்.

5. வேறு குழல். 200 கிரெயினுக்கும் அசையவில்லை, முன்பே யாரோ குட்டையாக வெட்டியும் வைத்திருக்கிறார் என்றால் அந்த அம்பு இந்த வில்லுக்கு இல்லை. கனமான வில் உள்ள ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். குழலைத் தேய்த்து மெலிய வைக்கும் யோசனை ஒன்று உலவுகிறது. மர அம்புக்கு அது சரி. இங்கே தேய்த்தால் வெளிச்சுற்று நார்கள்தான் அறுபடும், அம்பின் பலமே அவைதான்.

## அறிகுறி: இறகில்லாத அம்பு வலப்பக்கம் போகிறது

இளக்கம். இதற்குத்தான் மக்கள் உடனே ரம்பத்தை எடுக்கிறார்கள், அது ஐந்தாவது படி.

1. நாணை விடும் கை. விரல்கள் நாணை வெளிப்பக்கம் பிடுங்கினால் நாண் பக்கவாட்டில் அதிகம் ஆடி, அம்பு கூடுதலாக வளையும். ஒரு முறை வலம், ஒரு முறை நடு, ஒரு முறை இடம் என்று சிதறினால் விறைப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம், கைப்பழக்கம்தான் காரணம். திரும்பத் திரும்ப ஒரே பக்கம் போவதுதான் அம்பின் குற்றம்.

2. முனையின் எடை. 125லிருந்து 100. யாராவது உள்ளே பித்தளைச் செருகு (முனையைப் பிடித்துக்கொள்ள குழலுக்குள் வைக்கும் துண்டு) வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள், கனத்தை அது கூட்டியிருக்கும்.

3. பக்கவாட்டுத் தோல். ஒரு மெல்லிய பட்டையை அடியில் வைத்துத் தடிமனாக்குங்கள். அம்பு கொஞ்சம் வெளியே தள்ளப்படும், இளக்கம் அடங்கும்.

4. நாண். நவீன நாண் போட்டிருந்தால் டேக்ரானுக்கு மாறுங்கள். பழைய வில்லுக்கும் அதுவே நல்லது.

5. வெட்டுவது. இப்போது வெட்டலாம். முனைப் பக்கத்திலிருந்து ஒரு தடவைக்குக் கால் அங்குலம் (6 மி.மீ.) மட்டும். முதலில் இறகில்லாத அந்த ஓர் அம்பை வெட்டி எய்து பார்த்து, சரியான நீளம் கிடைத்த பிறகு மற்றவற்றில் கைவையுங்கள். முழு இழுப்பில் முனை உங்கள் கைக்கு ஓர் அங்குலமாவது முன்னால் நிற்க வேண்டும், அதற்குள் போகாதீர்கள்.

வெட்டும் இடத்தைச் சுற்றி டேப் ஒட்டி, நன்றாக நனைத்து, நுண்பல் உலோக ரம்பத்தால் குழலைச் சுழற்றிச் சுழற்றி வெட்டுங்கள். செப்புக் குழாய் வெட்டும் கருவி குழலை நசுக்கும், வேண்டாம். முகமூடி, பாதுகாப்பு மூக்குக்கண்ணாடி, கையுறை மூன்றும் கட்டாயம். வெட்டு வாயை ஈரமான உப்புத்தாளால் தேய்த்து, தூசியை ஈரத்துணியால் துடைத்து எறியுங்கள். ஊதாதீர்கள்.

6. வேறு குழல். வெட்டுவதற்கு நீளம் இல்லையென்றால் இவை எடை குறைந்த வில்லுக்கானவை.

எவ்வளவு சரியானால் போதும்? 18 மீட்டரில் இறகில்லாத அம்பு மற்றவற்றிலிருந்து ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் வந்தால் நான் நிறுத்திவிடுவேன். மீதியை இறகு பார்த்துக்கொள்ளும்.

## அறிகுறி: பத்து அம்பு ஒழுங்கு, இரண்டு மட்டும் எங்கோ போகிறது

வில்லைத் தொடாதீர்கள். அந்த இரண்டில் எண் எழுதிவிட்டு இப்படிப் பாருங்கள்.

முதலில் நாக்: கோணலாக ஒட்டியிருக்கிறதா? அம்பை மேசை விளிம்பில் உருட்டினால் நாக் ஆடுவது தெரியும். முனையும் அப்படியே. பிறகு தராசு: மற்றவற்றைவிட 20, 30 கிரெயின் (1.3 முதல் 2 கிராம்) கூடியோ குறைந்தோ இருந்தால் அது மேலே, கீழே குத்தும். பிறகு ஆணிப் பலகை: டஜனுக்குள் 5 பவுண்டு வித்தியாசம் வரை பொறுக்கலாம், அதைத் தாண்டியதைத் தனிக் குழுவாக வையுங்கள். கடைசியாக, அளக்கும்போது வைத்த அந்தப் புள்ளி: விறைப்பான பக்கம் எல்லா அம்பிலும் கைப்பிடியைப் பார்த்திருக்கும்படி நாக்கைத் திருப்பி ஒட்டுங்கள். இதைச் செய்ததும் வழிக்கு வந்த அம்புகள் நிறைய.

வளைந்த ஃபைபர்கிளாஸ் குழலை நிமிர்த்த வழியில்லை. சூடு காட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள்.

## அறிகுறி: நேராகத்தான் போகிறது, ஆனால் எல்லாம் கீழே குத்துகிறது

கோளாறு இல்லை. ஃபைபர்கிளாஸ் கனமானது, மர அம்பிலிருந்து மாறுபவருக்கு இது நிச்சயம் தெரியும். எய்யும் குறியை மாற்றிக்கொள்ளுங்கள். உண்மையில் பழைய வில்லுக்கு இந்தக் கனம் நல்லது: வில்லின் எடையில் ஒரு பவுண்டுக்கு அம்பில் 9 கிரெயின் என்று வைத்தால் 45 பவுண்டு வில்லுக்கு 405 கிரெயின், அதாவது 26 கிராம் வேண்டும்.

இதற்கு நேர்மாறாக வில் அதிர்ந்து சத்தம் போட்டால் முதலில் நாக் இறுக்கத்தையும் நாண் உயரத்தையும் பாருங்கள்.

## அறிகுறி: முனை இலக்கிலேயே கழன்று நின்றுவிடுகிறது

பழைய பசை காய்ந்துவிட்டது. குழலின் உள்ளே பழைய பசையைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, உலோகத்தை உப்புத்தாளால் கீறிவிட்டு, குறைந்த சூட்டில் உருகும் பசையால் ஒட்டுங்கள். செருகு லொடலொடவென்று இருந்தால் பசையை அள்ளிப் பூசி இடைவெளியை நிரப்பாதீர்கள். அந்தக் காலக் குழல்களின் உள்விட்டம் பலவகை, உங்களிடம் இருப்பது வேறொன்றுக்கான செருகு. கழன்ற முனையோடு குழல் வாயும் பிளந்திருந்தால், நீளம் இருந்தால் பிளவைத் தாண்டி வெட்டலாம். வெட்டினால் அம்பு விறைப்பாக நடந்துகொள்ளும் என்பதால் அதை மறுபடி எய்து பார்க்க வேண்டும்.

## எப்போது மற்றவரிடம் போக வேண்டும்

வில்லின் கரங்களில் குறுக்கே கோடு, அடுக்கு பிரிந்த தடம், நாண் மாட்டும் நுனியில் பிளவு, நாண் கரத்தின் நடுவில் ஓடாமல் ஒரு பக்கம் ஒதுங்குவது, இவற்றில் எது தெரிந்தாலும் நாணை இறக்கிவிட்டு வில் செய்பவரிடம் காட்டுங்கள். ஒட்டிப் பார்க்கலாம் என்று ஒரு தடவைகூட இழுக்காதீர்கள்.

மேலே உள்ள எல்லாம் செய்தும் இறகில்லாத அம்பு ஒரே இடத்தில் குத்தாமல் சிதறினால் ஒரு பயிற்சியாளர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். பத்து அம்பு எய்வதற்குள் அவருக்குத் தெரிந்துவிடும், புதிய குழல் வாங்குவதைவிட அது மலிவு. வில்லின் எடையை அளக்கத் தராசு இல்லையென்றால் வில்வித்தைக் கடையில் அளக்கச் சொல்லுங்கள். போகும்போது உங்கள் இழுப்பின் நீளத்தை எழுதி எடுத்துப்போங்கள், இல்லையென்றால் 28 அங்குலத்தில் அளந்து கொடுத்துவிடுவார்கள்.

கண்ணாடி நார் தோலில் ஏறினால் பிசையாதீர்கள். டேப்பை ஒட்டி உரித்து, மீதியைச் சாமணத்தால் எடுங்கள். ஆழமாகப் போயிருந்தாலோ கண்ணில் பட்டிருந்தாலோ நேரே மருத்துவரிடம்.